நாலு டயரும் ஒரு டிக்கெட்டும்

"உனக்கு விமான டிக்கெட் எடுத்தாச்சு" என்று அச்சக மேலாளர் மனைவியிடம் பெருமையாகச் சொல்லி ஒரு வாரம் ஆகியிருந்தது. டிக்கெட் இன்னும் எடுத்தபாடில்லை.

கடல் தாண்டி இருக்கும் மகளுக்குத் தலைப்பிரசவம். தாய் பக்கத்தில் இருந்தே ஆகவேண்டும். கையில் காசில்லாத மனிதர், டிக்கெட் எடுக்க, கிரெடிட் கார்டில் சேர்ந்த பாயிண்டுகளை மலைபோல நம்பியிருந்தார். டிக்கெட்டுக்கு அதிலும் கொஞ்சம் போதவில்லை. மாதக் கடைசி தாண்டினால் பழைய பாயிண்டெல்லாம் காலாவதி.

மச்சான் ஃபிரிட்ஜ் வாங்கப்போவது தெரிந்ததும் ஓடினார்.

"என் கார்டுல போடறேன் மச்சான். நீ பணமா குடுத்துடு."

பாயிண்ட் ஏறியது. ஆனால் அந்தப் பெரிய ஃபிரிட்ஜ் மச்சான் வீட்டுக் குறுகிய வாசலுக்குள் நுழையவில்லை. அது கடைக்குத் திரும்பியதும் ஏறிய பாயிண்ட் இறங்கிவிட்டது. கொடுத்த பணத்தை மச்சான் அன்றைக்கே கறாராகக் கேட்டு வாங்கிக்கொண்டான். கடையிலிருந்து தன் பணம் திரும்பி வர நாளாகும் என்பது அதற்குப் பிறகுதான் அவருக்குத் தெரிந்தது.

அடுத்து அச்சகத்தின் கரண்ட் பில்லைத் தன் கார்டில் கட்டிவிட்டு வங்கிக்குப் போன் போட்டார்.

"கரண்ட் பில்லுக்கெல்லாம் பாயிண்ட் கிடையாது சார்."

"வேற எதுக்கும்மா நிறையக் கிடைக்கும்?"

"இந்த மாசம் டயருக்கு சார். நாலா வாங்கினா பத்து மடங்கு."

அவரிடம் இருந்தது ஒரு ஸ்கூட்டர். ரொம்ப நேரம் யோசித்தார். பிறகு நாலும் வாங்கினார். இரண்டை வண்டியில் மாட்டி, மீதியைக் கட்டிலுக்கடியில் தள்ளினார். துணி எடுக்கக் குனிந்த மனைவி நிமிர்ந்தாள்.

"என்னங்க இது?"

"ஸ்டெப்னி."

"ரெண்டா?"

"ரோடு சரியில்ல."

அவள் துருவவில்லை. "டிக்கெட்டுக்கே உங்களுக்கு முழி பிதுங்கியிருக்கும். இனிமே எனக்குன்னு ஒரு காசு செலவு பண்ணாதீங்க" என்று மட்டும் சொன்னாள். பீரோவைத் திறந்து, அவர் கார்டோடு சேர்த்து வங்கி தனக்கும் தந்திருந்த கார்டின் மேல் கிடந்த புடவைகளை மடித்து வைக்க ஆரம்பித்தாள்.

 பொய் சொல்லியிருக்க வேண்டாம் என்று அவருக்குத் தோன்றியது.

மாதக் கடைசி நாள் காலையில் பாயிண்ட் நிறைந்தது. சாயங்காலம் அவளிடம் உண்மையைச் சொல்லி, அவள் கையாலேயே டிக்கெட் எடுக்க வைக்க வேண்டும் என்று முடிவு செய்தார். மனசு லேசானது.

அவர் சாயங்காலம் திரும்பியபோது வீட்டு வாசலில் கூரியர்காரர், பளபளவென்று ஒரு பெரிய பயணப்பெட்டியோடு நின்றிருந்தார். பக்கத்தில் மனைவி.

"ஊருக்குப் போக நம்மகிட்ட நல்ல பெட்டி ஏதுங்க?" என்றாள் கூச்சத்தோடு.

போகட்டும், அவளுக்கு இதுகூடச் செய்யக்கூடாதா என்று அவர் பர்ஸைத் திறந்தார். "எவ்வளவுப்பா?"

"காசெல்லாம் வேணாம் சார். அம்மா மத்தியானம் உங்க கார்டு பாயிண்ட்லயே வாங்கிட்டாங்க."