எங்கள் ரூமுக்கு வந்த டிவி

குழந்தைகளின் படுக்கையறையில் டிவி வைக்கலாமா கூடாதா என்று இப்போது ஆளாளுக்குப் பேசுகிறார்கள். கண் கெடும், படிப்பு கெடும், தூக்கம் கெடும் என்கிறார்கள். என் அனுபவத்தில் முதலில் கெடுவது படுக்கையறை. அதற்கப்புறம் மானம். கண்ணும் படிப்பும் வரிசையில் ரொம்பப் பின்னால் நிற்கின்றன.

எண்பதுகளின் கடைசி. நான் ஒன்பதாம் வகுப்பு. திருச்செங்கோட்டுக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். அப்பாவுக்கு ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டித் தொழில். போர் போட ஆந்திரா, கர்நாடகா என்று கிளம்பினால் மாதக்கணக்கில் வீட்டுப் பக்கம் வர மாட்டார். அப்படிப் போய்த் திரும்பிய ஒரு தடவை வண்டியிலிருந்து டிவி ஒன்றை இறக்கினார். எங்கள் தெருவுக்கே அது ஒன்றுதான். ஷட்டர், பூட்டு எல்லாம் வைத்து, பீரோவுக்குத் தம்பி மாதிரி இருக்கும். சாவி அம்மாவின் இடுப்பில்.

டிவி ஆசாரத்தில் (எங்கள் பக்கம் ஹாலுக்கு அதுதான் பெயர்) உட்கார்ந்தது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலப் படத்துக்குத் தெருவே வந்தது. வீட்டுப் பெண் என்பதால் எனக்குக் கிடைத்த சலுகை, வந்தவர்களுக்கெல்லாம் சொம்பில் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுப்பது. கதாநாயகன் கடைசியில் யாரைக் கட்டிக்கொண்டான் என்பதைத் திங்கட்கிழமை பள்ளிக்கூடத்தில் அடுத்த வீட்டுப் பிள்ளையிடம் கேட்டுத்தான் தெரிந்துகொள்வேன். டிவி எங்களுடையது, பார்த்ததெல்லாம் அவர்கள். எனக்கு வயிறு எரிந்தது.

அதனால் டிவியை எங்கள் ரூமுக்குக் கடத்திவிடுவது என்று முடிவு செய்தேன். நானும் ஏழு வயதுத் தங்கை கீதாவும் படுக்கிற ரூம். அதற்கு முன் கடலைக்காய் மூட்டை அடுக்கியிருந்த அறை. ஒரு தேக்குக் கட்டில், இலவம்பஞ்சு மெத்தை, உள்பக்கம் தாழ்ப்பாள் உள்ள கதவு. அந்தத் தாழ்ப்பாள்தான் என் திட்டத்தின் உயிர்.

மழைக்காலம், ரிக் ஓடவில்லை, அப்பா ஊரில்தான் இருந்தார். நேரே அவரிடம் போனேன்.

"அப்பா, மத்தியானத்துல டிவில இங்கிலீசுலயே பாடம் நடத்தறாங்க. ஆசாரத்துல ஒரே சத்தமுங்க. எங்க ரூம்புல இருந்தா கேட்டுப் படிப்பனுங்க."

"அது கெடக்கட்டும், காலாண்டுப் பரீட்சை மார்க்கு என்னாச்சு சாமி? கணக்குல முப்பத்தஞ்சுக்குக் கீழ போச்சுன்னா ஹாஸ்டல்ல கொண்டுபோய் உட்டுருவேன்னு சொன்னது நெனப்பிருக்குதா?"

நன்றாகவே இருந்தது. கணக்கில் நான் வாங்கியது பத்தொன்பது. அந்த ஒன்றின் தலையில் ஒரு கோடு இழுத்து, முன்தினமே ஏழாக்கி வைத்திருந்தேன். எழுபத்தொன்பதைப் பார்த்ததும் அப்பாவின் முகம் மலர்ந்துவிட்டது. மார்க் அட்டையில் கையெழுத்துப் போட்டார். அன்றைக்கே டிவியை ரூமுக்கு மாற்றி, ஆன்டெனா வயரையும் ஜன்னல் வழியாக அவரே இழுத்துக் கொடுத்தார்.

இவ்வளவு பெரிய மூளைக்காரி ஒரு சின்ன விஷயத்தை யோசிக்கவில்லை. அட்டையைக் கணக்கு வாத்தியாரிடம் திருப்பிக் கொடுத்தாக வேண்டும். ஒன்றை ஏழாக்கலாம். ஏழைத் திரும்ப ஒன்றாக்க வழியே இல்லை (ரப்பர், எச்சில் இரண்டும் பார்த்தாயிற்று). அட்டையை மெத்தைக்கு அடியில் தள்ளினேன். வாத்தியாரிடம், அப்பா ஆந்திராவில் இருக்கிறார், வந்ததும் கையெழுத்து வாங்கி வருகிறேன் என்றேன். அப்பாவிடம், அட்டையைக் கொடுத்துவிட்டேன் என்றேன். வாத்தியார் வீடு இரண்டு மைல் தள்ளி இருந்தது. இருவரும் சந்தித்துக்கொள்ளாதவரை நான் எழுபத்தொன்பது.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. படம் ஆரம்பிக்கக் கால் மணி நேரம். கட்டிலில் முறுக்கு நிறைந்த தூக்குப்போசியோடு கீதா. நான் தாழ்ப்பாளில் கையை வைத்தேன். ஆசாரத்தில் அம்மாவின் குரல் கேட்டது.

"டிவி புள்ளைங்க ரூம்புக்குப் போயிருச்சுங்க. உள்ற போங்க. அங்கதான் காத்தும் நல்லா வருது."

கதவைத் தள்ளிக்கொண்டு முதலில் வந்து நின்றவர் பக்கத்து வீட்டுப் பெரியம்மா. 'இங்கே இடமில்லை' என்று சொல்ல நான் மூன்று நாள் ஒத்திகை பார்த்திருந்தேன். என் வாய் "வாங்க பெரீம்மா" என்றது.

எங்கள் பக்கத்தில் பிறந்த வாய் அப்படித்தான். வாசலில் ஆளைக் கண்டால் மூளையைக் கேட்காமலே வாங்க என்றுவிடும். அதோடு முடிந்தாலும் பரவாயில்லை. ஒருவரை வாங்க என்றுவிட்டு அவருக்குப் பின்னால் நிற்பவரை விட்டுவிட்டால், அந்தக் குறை மூன்று தலைமுறைக்குப் பேசப்படும் ("அவ ஊட்டுக்குப் போனமுங்க, வாங்கன்னு ஒரு சொல்லுச் சொல்லலைங்க"). அதனால் பெரியம்மாவின் மருமகளை வாங்க என்றேன். மருமகளின் அம்மாவை வாங்க என்றேன். மொத்தம் நாற்பத்தோரு வாங்க. நாற்பத்தோராவது வாங்க வாயை விட்டுப் போன பிறகுதான் ஆளைப் பார்த்தேன். கணக்கு வாத்தியார். மனைவி படம் பார்க்க ஆசைப்பட்டதால் சைக்கிளில் அழைத்து வந்திருந்தார்.

வாத்தியாரைத் தரையில் உட்கார வைக்க முடியுமா? சத்தம் கேட்டு வந்த அப்பா, அவர் கையைப் பிடித்துக் கூட்டிப்போய்க் கட்டிலில் உட்கார வைத்தார். தானும் பக்கத்தில் உட்கார்ந்தார். மார்க் அட்டைக்கு நேர் மேலே. நான் சொம்போடு கதவோரம் நின்றேன். பழைய வேலை, புது இடம்.

இருவரும் பேசிக்கொள்ளக் கூடாது என்று டிவி சத்தத்தைக் கூட்டி வைத்தேன். அம்மா வந்து குறைத்தார். மறுபடி கூட்டினேன். அரை மணி நேரம் தப்பித்தேன். திடீரென்று படம் நின்று, திரையில் 'தடங்கலுக்கு வருந்துகிறோம்' என்று வந்தது. என்னளவுக்கு அன்று யாரும் வருந்தியிருக்க மாட்டார்கள்.

"ஏனுங்க, ஆந்திராவுல இருந்து எப்ப வந்தீங்க?" என்று கேட்டார் வாத்தியார்.

"நான் வந்து இருவது நாளாச்சுங்களே."

வாத்தியார் என்னைப் பார்த்தார். நான் சொம்பைப் பார்த்தேன்.

"அப்படீங்களா. சரி, மார்க்கு அட்டையில ஒரு கையெழுத்துப் போட்டுக் குடுத்துருங்க."

"அன்னிக்கே போட்டுட்டனுங்களே. கணக்குல எழுவத்தொம்பது வாங்கியிருக்கறா. எல்லாம் உங்க புண்ணியமுங்க."

"எழுவத்தொம்பதுங்களா? எங் கிளாசுல அந்த மார்க்கு ஆருமே வாங்குலீங்களே."

தெருவே டிவியை விட்டு என் பக்கம் திரும்பியது. "அட்டை எங்க சாமி?" என்றார் அப்பா. உதவி செய்யலாம் என்று நினைத்த கீதா, "நீங்க அதுக்கு மேலதானுங்கப்பா உக்காந்திருக்கறீங்க. மெத்தைக்கு அடியில இருக்குது" என்றாள்.

அப்பா எழுந்தார். அந்த நொடியில் படம் வந்துவிட்டது.

"உக்காருங்க, மறைக்குது" என்றார் பெரியம்மா. அப்பா உட்கார்ந்துவிட்டார்.

அதற்கப்புறம் ஒன்றரை மணி நேரம் ஓடியது அந்தப் படம். தீர்ப்பு மெத்தைக்கு அடியில் கிடக்க, நீதிபதிகள் இருவரும் அதன் மேல் உட்கார்ந்து நகைச்சுவைக் காட்சிக்குச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அப்பா சிரித்து முடித்ததும் ஒரு தடவை என்னைத் திரும்பிப் பார்ப்பார். மறுபடி சிரிக்கப் போய்விடுவார். ஹாஸ்டலுக்கு எந்தெந்தப் பாவாடையை எடுத்துக்கொண்டு போவது என்று நான் யோசிக்க ஆரம்பித்தேன். கீதா இல்லாமல் தனியாகப் படுக்க வேண்டுமே என்று நினைத்ததும் அழுகை வந்துவிட்டது. திரையில் கதாநாயகியும் அழுதுகொண்டிருந்ததால் யாரும் என்னைக் கவனிக்கவில்லை.

படம் முடிந்தது. ஒருவர்கூட வீட்டுக்குக் கிளம்பவில்லை. அப்பா மெத்தையைத் தூக்கினார். வாத்தியார் அட்டையை எடுத்து, அதில் ஒட்டியிருந்த கடலைத் தோலைத் தட்டிவிட்டு, டியூப்லைட்டுக்கு நேராகப் பிடித்தார்.

"ஏழு நல்லாத்தான் வந்திருக்குது" என்றார். "ஆனா கீழ மொத்தத்தைப் பாருங்க. கணக்குல எழுவத்தொம்பதுன்னா எரநூத்தித் தொண்ணூத்தேழு வரோணும். நான் எழுதுன எரநூத்தி முப்பத்தேழு அப்படியே இருக்குது. கூட்டிப் பாக்காம உட்டுட்டா. இதுக்குத்தானுங்க நான் பத்தொம்பது போட்டது."

ரூமே சிரிப்பில் அதிர்ந்தது. (மூன்றை ஒன்பதாக்குவது ஒன்றை ஏழாக்குவதைவிடச் சுலபம் என்று இத்தனை வருடம் கழித்தும் எனக்கு மனசு அடித்துக்கொள்கிறது.)

"அவளை உடுங்க" என்றார் பெரியம்மா. "கையெழுத்துப் போட்டவருங் கூட்டிப் பாக்குலியே."

சிரிப்பு அப்படியே அப்பா பக்கம் திரும்பியது. அவர் முறைக்கப் பார்த்தார். மீசை ஒத்துழைக்கவில்லை. கடைசியில் அவரும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்துவிட்டு, "எப்படியும் ஹாஸ்டல்தான்" என்றார். குரலில் வலுவே இல்லை.

"அதெல்லாம் வேண்டாமுங்க" என்றார் பெரியம்மா. "இவளை அனுப்பிப்போட்டா எங்களை ஆரு வாங்கன்னு கூப்புடுவாங்க? இன்னிக்கு ஒருத்தரைக்கூட உடுலியே புள்ள." தெருவே ஆமாங்க என்றது. ரூமைக் காப்பாற்ற விடாத அந்த நாற்பத்தோரு வாங்கதான் என்னைக் காப்பாற்றியது.

தண்டனையாக, அந்த வருடம் முழுவதும் ஞாயிற்றுக்கிழமை படத்துக்கு முன்னால் வாத்தியார் வந்து எனக்கு ஒரு மணி நேரம் கணக்குச் சொல்லிக் கொடுத்தார். முழுப் பரீட்சையில் நிஜமாகவே ஐம்பத்திரண்டு வாங்கினேன். டிவியைத் திரும்ப ஆசாரத்துக்குக் கொண்டுபோகலாமா என்று அப்பா கேட்டதற்குத் தெரு ஒத்துக்கொள்ளவில்லை. ரூமில்தான் காற்று நன்றாக வருகிறதாம். டிவி இருக்கிற இடத்தில் பிள்ளைகள் படுத்தால் படிப்பு கெடும் என்று அம்மா சொல்லிவிட்டார். நானும் கீதாவும் பாயும் தலையணையுமாக ஆசாரத்துக்கு வந்தோம். என் கல்யாணம் வரை அந்த ரூம் டிவியுடையதாகவே இருந்தது.

போன மாதம் என் மகள் தன் ரூமில் டிவி வேண்டும் என்று அடம் பிடித்தாள். போனில் அப்பாவிடம் சொன்னேன்.

"வெச்சுக் குடு சாமி, ஆசப்படறா. கணக்குல எத்தன வாங்கியிருக்கறா?"

"எழுவத்தொம்பதுங்கப்பா."

"கூட்டிப் பாத்தியா?" என்றார்.

பார்த்துவிட்டேன் என்றேன். மெத்தையையும் தூக்கிப் பார்த்ததை மட்டும் சொல்லவில்லை.