'ஓரமா நில்லு' அண்ணன்

தியாகராய நகரில் வேலை பார்த்துத் திட்டு வாங்காத மனிதர் கிடையாது. ஆனால் திட்டு வாங்கியதும் தன் நெஞ்சைத் தானே தட்டிக்கொடுத்துச் சமாதானம் சொல்லிக்கொள்பவர் எனக்குத் தெரிந்து ஒருவர்தான். நான் புடவை விற்கும் ஜவுளிக்கடையில் லிஃப்ட் ஓட்டுபவர். எங்களுக்கு அவர் 'ஓரமா நில்லு' அண்ணன்.

லிஃப்ட் ஏறிக்கொண்டிருக்கும்போது திடீரென்று, "வந்துட்டியா நைனா? வா, ஓரமா நில்லு" என்பார். ஒருமுறை அதைக் கேட்ட ஒரு மாமி, பைகளோடு மூலையில் போய் ஒட்டிக்கொண்டார்.

"உங்கள இல்லம்மா. மனசுல ஒரு கவல வந்துச்சு, அத்த சொன்னேன்."

மாமி அடுத்த மாடியிலேயே இறங்கிவிட்டார்.

இன்னொரு நாள், மூன்றாவது மாடிக்குப் போகவேண்டிய கல்யாணக் கூட்டத்தைக் கீழே கார் நிறுத்தும் இடத்தில் கொண்டுபோய் இறக்கினார். மாப்பிள்ளையின் அத்தை பிடிபிடியென்று பிடித்தார். இவர் நெஞ்சில் கைவைத்து, "பரவால்ல நைனா, காலைலேர்ந்து நின்னுகினு கீற. நீயும் இன்னா பண்ணுவ" என்று தனக்கு ஆறுதல் சொல்லி முடித்துவிட்டுத்தான் அத்தையிடம் மன்னிப்புக் கேட்டார்.

போன தீபாவளி வரை நானும் சிரித்தவள்தான். அந்தத் தீபாவளி வியாபாரக் கூட்டத்தில் அப்பாவிடமிருந்து இரண்டு முறை போன் வந்தது. விரித்த புடவையும் கையுமாக இருந்தேன், எடுக்கவில்லை. சாயங்காலம் நான் கூப்பிட்டபோது பக்கத்து வீட்டுக்காரர் எடுத்தார். அப்பா போய்விட்டிருந்தார்.

காரியம் முடிந்து வேலைக்கு வந்த அன்று லிஃப்டில் நாங்கள் இருவர் மட்டும்.

"இன்னாம்மா, இப்படி எளச்சிட்ட?"

"அப்பா கூப்பிட்டப்ப போன எடுக்காத பாவிண்ணே நான்."

மாடி வந்தது. அவர் கதவைத் திறக்கவில்லை. தன் ஸ்டூலை என் பக்கம் தள்ளினார்.

"அந்த நெனப்பு தெனம் வரும். தொரத்தாத, தொரத்துனா தலமேல ஏறி உக்காரும். சரி, நா போன எடுக்காம வுட்டிருந்தா என்னப் பாவின்னு சொல்வியா?"

"மாட்டேன்."

"அப்ப உன்ன மட்டும் ஏன் திட்டிகினு கீற?"

அழுதேன். வெளியே மேனேஜர் கதவைத் தட்டினார். "பட்டன் மாட்டிக்கிச்சு சார்" என்று உள்ளிருந்தே குரல் கொடுத்தார் அண்ணன். நான் முகம் துடைத்து முடிக்கும்வரை பட்டன் மாட்டிக்கொண்டேதான் இருந்தது. அதற்கான திட்டையும் அவரே வாங்கிக்கொண்டார்.

அந்த நினைப்பு இன்னும் வருகிறது. அலுப்பாகத்தான் இருக்கிறது. வந்துவிட்டுப் போகட்டும் என்று அடுத்த புடவையை எடுத்து விரிக்கிறேன். சில நாள் முடிகிறது, சில நாள் முடிவதில்லை.

காய்ச்சலென்று அண்ணன் இரண்டு நாளாக வரவில்லை. அவர் வீடு ராயப்பேட்டையில் எந்தத் தெரு என்று விசாரித்து வைத்திருக்கிறேன். நாளை எனக்கு விடுமுறை. மிளகு ரசம் வைத்து எடுத்துப் போகவேண்டும்.