பாலத்துக்கும் உடைந்ததுக்கும் நடுவே இருநூற்றுப் பதினாலு சொல்

உங்கள் வீட்டுக் கூரையில் தீப்பிடித்தால் எப்படிக் கத்துவீர்கள்? "தீ, தீ" என்றுதானே?

வில்காபாயா என்ற மலையூரில் அப்படிக் கத்தினால் ஒருவரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். அங்கே அதற்கென்று ஒரு முறை இருக்கிறது. முதலில் தீயணைப்புத் தலைவரின் உடல்நலத்தை விசாரிக்க வேண்டும். பிறகு அவர் குடும்பத்தாரின் உடல்நலம். அதற்குப் பின் உங்கள் பெயர், அடையாள அட்டை எண், தகப்பன் பெயர், தாயார் பெயர். அதன் பிறகு, "தங்கள் மேலான சமூகத்துக்கு மிகுந்த தாழ்மையுடன் விண்ணப்பித்துக்கொள்வது யாதெனில்" என்று ஆரம்பித்து மெல்ல விஷயத்துக்கு வர வேண்டும். தீ என்ற சொல் வருவதற்குள் கூரை சாம்பலாகியிருக்கும். ஆனால் மரியாதை குறையாமல் எரிந்தது என்ற திருப்தி இருக்கும்.

இந்த முறைப்படிதான் மரூஹாவும் போன வருஷம் ஒரு மனு கொடுத்திருந்தாள்.

மரூஹா, ஆற்றுக்கு அந்தப் பக்கம் மயுபாட்டா என்ற சிற்றூர்க்காரி. தினமும் ஆற்றைத் தாண்டி வந்து பேருந்து நிறுத்தத்தில் அவித்த மக்காச்சோளமும் சீஸும் விற்பாள். அவளுடைய மகள் நயேலிக்கு ஏழு வயசு. பள்ளிக்கூடமும் இந்தப் பக்கம்தான். நடுவே ஒரு தொங்குபாலம். அதில் பதினோரு பலகை போய்விட்டது. சின்ன ஓட்டையை நயேலியே தாண்டிவிடுவாள். பெரிய ஓட்டை வந்தால் மரூஹா சோள மூட்டையை முன்னால் கட்டிக்கொண்டு, பிள்ளையை முதுகுத் துணியில் போட்டுக்கொண்டு, கயிற்றைப் பிடித்தபடி பக்கவாட்டில் நடப்பாள். வெயில் காலத்தில் இது ஒரு வித்தைதான். மழை இறங்கிவிட்டால் ஆறு பாலத்தின் வயிற்றைத் தொட்டுக்கொண்டு ஓடும். அப்போது வித்தையெல்லாம் பலிக்காது. நவம்பருக்குள் பதினோரு பலகை வேண்டும். அவள் கேட்டது அவ்வளவுதான்.

ஜூன் மாதம் நகராட்சி ஒரு தேடும் இயந்திரம் வாங்கியது. அதற்குத் திறப்பு விழா நடந்தது. வாத்தியக் கோஷ்டி வந்தது. பாதிரியார் கணினி மேல் புனித நீர் தெளித்தார். விசைப்பலகைக்குள் நீர் போய்விட்டதால் விழா ஒரு மணி நேரம் தாமதமானது. கணினிக்கு ஞானத்தந்தையாக நியமிக்கப்பட்ட மருந்துக்கடைக்காரர், வழக்கப்படி வாசற்படியில் மதுப்புட்டியை உடைத்தார். பிறகு தலைநகர் லீமாவில் மூன்று வாரம் படித்துவிட்டு வந்த இன்ஜினியர் பெர்சி எழுந்து விளக்கினார்.

"ரெண்டு சொல்லைக் குடுத்துத் தேடினா, எந்தக் காகிதத்துல அந்த ரெண்டும் பக்கத்துப் பக்கத்துல இருக்கோ அது மேலே வரும். தள்ளித் தள்ளி இருந்தா கீழே போயிடும்."

இயந்திரத்துக்குத் தெரிந்தது, பாவம், அவ்வளவுதான். மீதியை மேயர் சொன்னார். மறுநாளே ஆணை எண் எண்பத்தெட்டு ஒட்டப்பட்டது. "தேடலில் முதல் பக்கத்தில் வரும் பத்து மனுக்கள் பொதுமக்களின் குறைகளாகக் கருதப்படும். பதினொன்றாவது முதல் வருபவை பொதுமக்களின் அபிப்பிராயங்களாகக் கருதப்படும்."

மரூஹா நகராட்சியின் மனுச் சன்னலுக்குப் போனாள். பெர்சி "பாலம்", "உடைந்தது" என்று தட்டினார்.

"வந்துடுச்சு பாருங்க. முதல் மனு. 'பாலத்தில் உடைந்தது என் பீர் பெட்டி. பன்னிரண்டு புட்டி. நஷ்டஈடு வேண்டும்.' பக்கத்துப் பக்கத்துல இருக்கு. அருமையான மனு."

"அது எங்க ஊர்க் குடிகாரன் எழுதினது, இன்ஜினியரய்யா. பாலம் உடைஞ்சதாலதான் அவன் விழுந்தான். என் மனு எங்கே?"

பெர்சி கீழே கீழே போனார். போய்க்கொண்டே இருந்தார். நடுவில் ஒரு தேநீர் வந்தது, அதையும் குடித்தார்.

"மூவாயிரத்து நூத்திப் பதினெட்டு."

"ஏன் அவ்வளவு கீழே?"

"நீங்களே பாருங்க தாயி. பாலம்கிறது முதல் பக்கத்துல இருக்கு. உடைஞ்சதுங்கிறது மூணாம் பக்கத்துல இருக்கு. நடுவுல இருநூத்திப் பதினாலு சொல். அவ்வளவு தூரத்துல உடைஞ்சது உங்க பாலம்தான்னு நான் எப்படி நம்பறது?"

"வந்து பாருங்க. இருபது நிமிஷ நடை."

"நான் வந்து பார்த்தா அது பார்வை. இது தேடல். ரெண்டையும் குழப்பாதீங்க."

குடிகாரனுக்கு அந்த வாரமே ஒரு பெட்டி பீர் போய்ச் சேர்ந்தது. நகராட்சி தீர்த்துவைத்த முதல் குறை என்று அறிவிப்புப் பலகையில் போட்டுவிட்டு, அந்த மனுவை இயந்திரத்திலிருந்து எடுத்துவிட்டார்கள்.

மரூஹா நேராக ஊர்ச் சதுக்கமான பிளாசாவுக்குப் போனாள். அங்கே நீதிமன்றத்துக்கு எதிரே தட்டச்சு இயந்திரத்தோடு உட்கார்ந்திருக்கும் ஃபவுஸ்தோ ஐயாதான் ஊருக்கே மனு எழுதுபவர். அவள் மனுவை எழுதியதும் அவர்தான்.

"இருநூத்திப் பதினாலா? ஒவ்வொண்ணும் பொறுக்கி எடுத்துப் போட்ட சொல்லும்மா அது."

"அதுக்கு நடுவுல என் பாலம் முங்கிப் போச்சே ஐயா."

"மேயர் வீட்டம்மா நலமான்னு கேக்காம எடுத்ததும் பாலம்னு ஆரம்பிச்சா நம்மளை ஆட்டு மந்தைன்னு நினைப்பாங்க."

"மேயருக்குக் கல்யாணமே ஆகலையே."

"கல்யாணம் ஆனா, வர்றவங்க நல்லா இருக்கட்டும்னுதான் எழுதியிருக்கேன்."

"அந்தம்மா வர்ற வரைக்கும் என் பிள்ளை முதுகுலயே வளரணுமா?"

ஃபவுஸ்தோ ஐயா கோபத்தோடு புதுக் காகிதம் செருகினார். "பாலம் உடைந்தது. மயுபாட்டா. மரூஹா." அடித்து முடித்ததும் எச்சில் துப்பியவரைப் போல வாயைத் துடைத்துக்கொண்டார்.

ஆனால் விஷயம் வெளியே பரவியதும் அவர் முன்னால் வரிசை நின்றது. எல்லாருக்கும் நெருக்கமாக எழுதிய மனு வேண்டுமாம். ஒரு மாதத்தில் அது மனுவோடு நிற்கவில்லை, நாகரிகமாகிவிட்டது. பதிவாளர் மனைவி விருந்துக்கு வந்தவர்களிடம் "வாங்க, சாப்பிடுங்க, போங்க" என்று மூச்சுவிடாமல் சொன்னாள். லீமாவில் இப்போது இப்படித்தான் பேசுகிறார்கள் என்றாள். இளவட்டங்கள் "நீ நான் நீ நான்" என்று காதல் கடிதம் கொடுத்தார்கள். அதைப் படித்து அழுத பெண்களும் இருந்தார்கள். பாதிரியார் பிரசங்கத்தில் சொர்க்கத்தையும் காணிக்கையையும் ஒட்டவைத்தார். பொரித்த கோழிக்கடைக்காரர் மட்டும் பலகையில் "கோழி வாடிக்கையாளர்" என்று எழுதிவைத்துவிட்டு, ஏன் ஒருவரும் உள்ளே வருவதில்லை என்று யோசித்துக்கொண்டிருந்தார்.

மரூஹா நான்கு சொல் மனுவை எடுத்துக்கொண்டு போனாள். பெர்சி வாங்கிப் பார்த்தார். திருப்பிக் கொடுத்தார்.

"ஆண்டின் பெயர் இல்லை."

அதை அவள் மறந்தே போயிருந்தாள். ஒவ்வொரு வருஷமும் அரசாங்கம் அந்த வருஷத்துக்கு ஒரு பெயர் வைக்கும். அலுவலகத்துக்குள் வருகிற, அலுவலகத்திலிருந்து போகிற எல்லாக் காகிதத்தின் தலையிலும் அந்தப் பெயர் இருக்க வேண்டும். இந்த வருஷத்தின் பெயர்: "உடைந்த பாலங்களை மீண்டும் கட்டி உள்ளங்களை இணைக்கும் ஆண்டு." லீமாவில் அதை எழுதியவர் மனசுக்கும் மனசுக்கும் நடுவே உள்ள பாலத்தைத்தான் நினைத்தார். மரப்பாலம் என்று ஒன்று இருப்பது அவருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை.

மரூஹாவுக்குச் சந்தோஷமாகிவிட்டது. அரசாங்கமே தன் மனுவை எழுதிக்கொடுத்ததுபோல் இருந்தது. பேனா வாங்கித் தலைப்பில் அந்தப் பெயரை எழுதிக் கொடுத்துவிட்டு வந்தாள்.

அதுவரை இயந்திரத்துக்குள் போன வருஷத்துக் காகிதங்கள் மட்டும்தான் ஏற்றப்பட்டிருந்தன. ஆகஸ்டில் இந்த வருஷத்துக் காகிதங்களையும் ஏற்றி முடித்தார்கள். மரூஹா சன்னலில் நின்றாள். பெர்சி தட்டினார். தட்டிவிட்டுத் திரைக்குப் பக்கத்தில் குனிந்தார்.

"என்ன இன்ஜினியரய்யா, நான் முதல்ல வந்துட்டேனா?"

"முதல்ல வந்திருக்கறது ஜனவரி ரெண்டாம் தேதி மனு. மேயர் அலுவலகத்து மூணு நாற்காலிக்கு மெத்தை கேட்டு எழுதினது."

"அதுல பாலம் எங்கே இருக்கு?"

"தலைப்புல. 'உடைந்த பாலங்களை.' நடுவுல ஒரு சொல்கூட இல்லை. ரெண்டாவது, வாத்தியக் கோஷ்டிக்கு அனுமதி. மூணாவது, கழிப்பறைக்குச் சோப்பு. எல்லாத்துக்கும் அதே தலைப்பு. எல்லாமே சமம். சமமா வந்தா தேதிப்படி வரிசை. நீங்க கடைசியாக் குடுத்ததால நாலாயிரத்து முன்னூத்தி ஆறு."

"முன்னே மூவாயிரத்துச் சொச்சத்துல இருந்தேன்."

"அப்போ உங்களுக்குத் தகுதி இல்லாம இருந்தது. இப்போ முழுத் தகுதியோட இருக்கீங்க."

எல்லாமே சமம் என்பதால் எல்லாவற்றையும் முதல் பக்கமாகவே கணக்கிட்டு, அந்த மாதக் கடைசியில் நகராட்சி லீமாவுக்கு அறிக்கை அனுப்பியது. "பொதுமக்கள் குறைகளில் முதலிடம்: உடைந்த பாலங்கள். எண்ணிக்கை 4,306." லீமாவில் அதைப் படித்தவர்கள் நடுங்கிப் போனார்கள். ஒரே ஊரில் நாலாயிரத்து முன்னூற்று ஆறு பாலம் உடைந்து கிடக்கிறது என்றால் அங்கே என்ன யுத்தமா நடக்கிறது என்று கேட்டு, உடனே டாக்டர் உபால்தோ என்ற ஆய்வாளரை அனுப்பிவைத்தார்கள்.

மரூஹா மகளையும் இழுத்துக்கொண்டு அவர் வண்டிக்கு முன்னால் போய் நின்றாள்.

"டாக்டர், பாலம் அந்தப் பக்கம் இருக்கு. நானே கூட்டிட்டுப் போறேன்."

"நீங்க வரிசையில எத்தனையாவதும்மா?"

"நாலாயிரத்து முன்னூத்தி ஆறு."

"அப்போ உங்களுக்கு முன்னால நாலாயிரத்து முன்னூத்தி அஞ்சு பேர் ஆத்தைத் தாண்ட முடியாம நிக்கறாங்க. கொஞ்சம் பொறுங்க."

நயேலி, "எங்கேம்மா நிக்கறாங்க?" என்று கேட்டாள். மரூஹா அவள் வாயைப் பொத்தினாள்.

ஆய்வாளர் வரிசைப்படி முதல் மனுவை எடுத்தார். நாற்காலி மெத்தை மனு. முகவரி: பிளாசா, எண் ஒன்று. நகராட்சிக் கட்டடத்துக்கு எதிரே வந்து நின்று சுற்றுமுற்றும் பார்த்தார். பூச்செடி இருந்தது. பெஞ்சு இருந்தது. செருப்புக்குப் பாலிஷ் போடுகிறவர் இருந்தார்.

"இங்கே பாலமே இல்லையே, இன்ஜினியர்."

பெர்சி ஒரு நொடிதான் யோசித்தார். "அந்த அளவுக்கு உடைஞ்சிருக்கு, டாக்டர்."

ஆய்வாளர் தொப்பியைக் கழற்றினார். "முற்றிலும் அழிந்த நிலை. சிதிலம்கூட எஞ்சவில்லை. உடனடி நடவடிக்கை தேவை" என்று எழுதினார்.

அக்டோபருக்குள் பிளாசாவில் பாலம் எழுந்துவிட்டது. இந்தப் பக்கத்துப் பூச்செடியிலிருந்து அந்தப் பக்கத்துப் பெஞ்சு வரை, முழுக்க சிமென்ட். இரண்டு பக்கமும் விளக்கு, நடுவில் வளைவு. மருந்துக்கடைக்காரரே அதற்கும் ஞானத்தந்தையாகி ஒரு புட்டியை உடைத்தார். முதலில் சிரித்தவர்கள்கூடப் பிறகு ஏறிப் பார்த்தார்கள். மேலிருந்து பார்த்தால் நகராட்சிக் கூரையில் காய்கிற துணியெல்லாம் தெரிந்தது. கல்யாண ஜோடிகள் அங்கே வந்து படம் எடுத்துக்கொண்டார்கள். மரூஹாவும் நயேலியை வளைவில் நிறுத்தி ஒரு படம் எடுத்தாள் என்பதை மறைப்பானேன். ஓட்டை இல்லாத பாலத்தில் பிள்ளை ஓடுவதை அவள் அன்றுதான் முதல்முறை பார்த்தாள்.

இறங்கும்போதுதான் அது அவள் கண்ணில் பட்டது. நகராட்சிக் கட்டடத்தின் பின்னால் ஒரு பெரிய குவியல். சிமென்ட் ஊற்றுவதற்கு அடித்த பலகைகள்.

"இதை என்ன பண்ணுவீங்க?" என்று காவலாளியிடம் கேட்டாள்.

"எரிக்கச் சொல்லியிருக்காங்க. யாராவது கேட்டா மனு குடுக்கணும்."

"நான் கேக்கலை. உங்களுக்கு வேலை மிச்சம் பண்றேன். நாங்க எடுத்துட்டுப் போய் எரிச்சுக்கறோம்."

"சாம்பல் வந்தா எனக்குக் கணக்கு காட்டணும்."

"எங்க அடுப்புல சாம்பலுக்கா பஞ்சம்?"

அந்த ஞாயிற்றுக்கிழமை மயுபாட்டா முழுக்கக் கூடிச் சேர்ந்து வேலை செய்தது. பெண்கள் பலகை சுமந்தார்கள். ஆண்கள் ஆணி அடித்தார்கள். சரியாக அடிக்காதவர்களைப் பெண்கள் திட்டினார்கள். மத்தியானத்துக்குள் பதினோரு பலகையும் உட்கார்ந்துவிட்டது. நயேலி தனியாக, யார் முதுகிலும் ஏறாமல், அந்தக் கரை வரை போய்த் திரும்பி வந்தாள். மரூஹா பெரிய பானையில் சோளக் கள்ளை ஊற்றி எல்லாருக்கும் கொடுத்தாள். மலை மேல் அன்றைக்கே மேகம் கட்டியிருந்தது.

ஊர்த்தலைவர் காசிமிரோ மட்டும் குவளையைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமல் உட்கார்ந்திருந்தார்.

"என்ன மாமா, ஆணி சரியா இறங்கலையா?" என்று கேட்டாள் மரூஹா.

"ஆணி இறங்கிடுச்சும்மா. நாமதான் அவசரப்பட்டுட்டோம்."

"பதினோரு மாசமாச்சு. இதுவா அவசரம்?"

"யோசிச்சுப் பாரு. ரெண்டாவது பாலத்துக்கு அஸ்திவாரம் தோண்டிட்டாங்க, வாத்தியக் கோஷ்டி வீட்டு முற்றத்துல. மூணாவது கழிப்பறைப் பக்கம் வருதாம். இப்படியே வந்தா ஒருநாள் நம்ம முறையும் வரும். அன்னைக்கு லீமாக்காரர் வந்து பார்த்தா இங்கே நல்ல பாலம் நிக்கும். பொய் மனு குடுத்தோம்னு நம்ம பேர்தான் கெடும்."

ஆணி அடித்தவர்களில் ஒருவர் சுத்தியலை ஆணி பிடுங்கும் பக்கமாகத் திருப்பிப் பிடித்துப் பார்த்தார்.

"பலகையில கை வெச்சா கையை ஒடிப்பேன்" என்றாள் மரூஹா.

"இல்லம்மா, போனது போகட்டும். இந்த வருஷம் கைவிட்டுப் போச்சு. நம்ம மருத்துவ நிலையத்துக்கு நர்ஸே வராம ரெண்டு வருஷமாச்சு, அதையும் பார்க்கணுமே." காசிமிரோ இப்போதுதான் குவளையை வாயில் வைத்தார். ஒரே மடக்கில் குடித்துவிட்டு அவள் பக்கம் குனிந்தார். "நாளைக்குச் சோளம் விக்க டவுனுக்குப் போவே இல்ல? அந்த இன்ஜினியர்கிட்ட, அடுத்த வருஷத்துக்கு என்ன பேரு வைக்கப் போறாங்கன்னு மட்டும் நைஸா விசாரிச்சுட்டு வாம்மா. பேருல இருக்கறதைத்தானே கட்டித் தர்றாங்க, எதை உடைக்கணும்னு தெரிஞ்சா ஞாயித்துக்கிழமையே ஆள் சேர்த்துடறேன்."