மூத்த வெர்னா

கென்டக்கியில் போர்பன் விஸ்கிக்கு வயது முக்கியம். இதை யாரும் மறுப்பதில்லை. அதை முதலில் காய்ச்சியவர் செத்து இருநூறு வருஷமாவது ஆகியிருக்க வேண்டும் என்பதை மட்டும் எங்கள் மாவட்டப் பாரம்பரிய விஸ்கி வாரியம் பின்னால் கண்டுபிடித்துச் சேர்த்தது.

வெர்னா டாக்கெட் என் பக்கத்து நிலத்துக்காரி. பள்ளிப் பேருந்து ஓட்டிக்கொண்டிருந்தவள், ஒருநாள் அதை விட்டுவிட்டு, பழைய புகையிலைக் கொட்டகையில் செம்புக் கொப்பரை வைத்துக் காய்ச்ச ஆரம்பித்தாள். மக்காச்சோளம் என்னுடையது, மற்றதெல்லாம் அவள் பிடிவாதம். உள்பக்கம் தீயில் கருக்கிய புது ஓக் பீப்பாய்களில் ஊற்றி, வருஷக்கணக்கில் காத்திருந்தாள். கோடையில் சரக்கு மரத்துக்குள் இறங்கும், குளிரில் வெளியே வரும். அந்தப் போக்குவரத்தில்தான் நிறமும் மணமும் ஏறுகிறது. முதல் பீப்பாயைத் திறந்த அன்று, குடி பாவம் என்று பிரசங்கம் செய்யும் எங்கள் பாதிரியார்கூட கொட்டகைப் பக்கம் காற்று வாங்க வந்தார்.

வாரியத் தலைவர் டெல்பர்ட் ஸ்பர்லாக் ஆய்வுக்கு வந்தார். ஒரு மிடறு குடித்தார். கண்ணை மூடினார். ஐயத்துக்கு இடமின்றி இருக்க இன்னும் இரண்டு மிடறு குடித்தார்.

"அபாரம்! இதைத் தோற்றுவித்தவர் யாரு?"

"நான்தான் சார்."

"நீங்க உயிரோட இருக்கீங்களே?"

"அது என் தப்பா சார்?"

"தப்புன்னு சொல்லல. குறைபாடுன்னு சொல்றேன். சுற்றுலா பஸ் உங்க வாசல்ல நிக்கணும்னா ஒரு மூதாதை வேணும்மா. உங்க பூட்டனார் யாரு?"

"ஹோபர்ட் டாக்கெட். மதுவிலக்குக்காரர். ஊர்ல கண்ட பீப்பாயெல்லாம் கோடாலியால உடைச்சவர்."

டெல்பர்ட் முகம் மலர்ந்தது. "பார்த்தீங்களா! பீப்பாயோட பரம்பரைத் தொடர்பு இருக்கு!"

"வெளிய போங்க சார்."

சுற்றுலாப் பட்டியலில் சேர வெர்னா போட்ட விண்ணப்பம் 'வரலாற்றுப் பற்றாக்குறை' காரணமாக நிராகரிக்கப்பட்டது. பஸ்கள் அவள் வாசலைத் தாண்டி அடுத்த ஆலைக்குப் போயின. அங்கே ஒரு சொட்டும் காய்ச்சுவதில்லை. வெளி மாநிலத்திலிருந்து லாரியில் வருகிறது. ஆனால் தாடி வைத்த நிறுவனர் ஒருவரின் படம் சுவரில் இருந்தது. பீப்பாயை முதலில் கருக்கியது அவர்தானாம். உண்மையில் முதலில் கருக்கியது யார் என்று யாருக்கும் தெரியாது. அதனால் எங்கள் பக்கம் ஊருக்கு ஒரு 'முதலில் கருக்கியவர்' இருக்கிறார்.

அவளிடம் பீப்பாய் உருட்டிய எமெட்டை வேலையிலிருந்து நிறுத்த வேண்டிவந்த அன்று, கொட்டகைக்குப் பின்னால் வெர்னா அழுததைப் பார்த்தேன். மறுநாள் வாரிய அலுவலகத்துக்குப் போனாள்.

"உங்க மேல எங்களுக்கு அனுதாபம் உண்டு," என்றார் டெல்பர்ட். "நிறுவனர் இறந்திருக்கணும்கிறது விதி. உங்க ஆலையோட நிறுவனர் நீங்க. அதனால உங்களை அமரர்னு கருதிக்க வாரியம் தயாரா இருக்கு."

"அப்ப இங்க நிக்கிறது யாரு?"

"அமரரோட கொள்ளுப்பேத்தி. அதே பேரு, அதே முகம். ரத்தம் விடுமா?"

எமெட்டை நினைத்துத் தலையாட்டினாள்.

பழங்காலக் குல்லாய் போட்ட வெர்னாவின் படம் கொட்டகையில் ஏறியது. கீழே, 'மூத்த வெர்னா'. பஸ்கள் நின்றன. எமெட் திரும்பி வந்தான். அதே பீப்பாய், அதே சரக்கு. இப்போது குடிக்கிறவர்கள் கண்கலங்கினார்கள். ஒஹாயோவிலிருந்து வந்த ஒரு பெரியவர் வெர்னாவின் தோளைத் தட்டினார்.

"உங்க பாட்டிக்கு இருந்த கைப்பக்குவம் உனக்கு வராதும்மா. மனசு விடாம முயற்சி பண்ணு."

வெர்னாவுக்குப் பொறுக்கவில்லை. பீப்பாய் மேல் ஏறி நின்றாள்.

"பாட்டியும் இல்ல, பூட்டியும் இல்ல! அது நான்தான்! காய்ச்சினது நான், கருக்கினது நான், இத்தனை வருஷம் காத்துக் கிடந்தது நான்!"

டெல்பர்ட் வெளிறிப்போய்க் கதவைத் தேடினார். அப்போது அந்தப் பெரியவர் தொப்பியைக் கழற்றி நெஞ்சோடு வைத்துக்கொண்டு மெல்லச் சொன்னார்: "மூத்த வெர்னா இவ மேல வந்து இறங்கிட்டாங்க."

கூட்டம் மொத்தமும் தொப்பியைக் கழற்றியது.

வாரியம் அவசரமாகக் கூடியது. 'நிறுவனர் வெளிப்பாடு, தினமும் மாலையில்' என்று சாலையோரம் பலகை வைத்தது. வெர்னா மறுத்தாள், கத்தினாள், ஒருநாள் பழைய ஓட்டுநர் உரிமத்தையே நீட்டினாள். அவள் எவ்வளவு மறுத்தாளோ அவ்வளவு தத்ரூபமாக இருந்ததாக எல்லோரும் சொன்னார்கள். டெல்பர்ட்டே இரண்டு முறை தனியாக வந்து, தன் பதவி உயர்வு பற்றி விசாரித்துவிட்டுப் போனார்.

கடைசியில் என் வயலுக்கு வந்து வேலியில் சாய்ந்துகொண்டாள்.

"உனக்காவது தெரியும்ல, அது நான்தான்னு?"

"தெரியாம என்ன வெர்னா? பக்கத்திலேயே இருந்து பாக்கறேனே."

அவளுக்கு மூச்சு வந்தது. எனக்கும் சிரிப்பு வந்தது. ஊரே பைத்தியம் என்று இருவரும் பேசிக்கொண்டிருந்தோம். அவள் கிளம்பும்போதுதான் ஞாபகம் வந்து கூப்பிட்டேன்.

"ஒரு சின்ன சந்தேகம். அந்தக் காலத்துல இந்தப் பக்கம் காட்டெருமை மந்தை மந்தையா திரியுமாமே, நீங்க பாத்திருக்கீங்களா?"