மருமகளின் கோடுகளும் என் வலது காலும்

மதிப்புக்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

இங்கு அனைவரும் நலம். தாங்களும் சம்பந்தியம்மாளும் நலமாக இருக்க வேண்டும். ஏனென்றால் நாளைக் காலை முதல் பேருந்தில் நான் அங்கே வந்து இறங்கப்போகிறேன். காரணம், தங்கள் மகள்.

குறை சொல்வதாக நினைக்க வேண்டாம், தங்கமான பெண். அவள் செய்த கருவியைப் பார்க்க ஆய்வுக்கூடத்து அதிகாரிகள் இருவர் நாளை வீட்டுக்கு வருகிறார்கள். பிடித்துப்போனால் அவளுக்கு அங்கே வேலை. பின்னறையில் கல்மேசை போட்டு, லேசர் ஒளியை, பாதியை உள்ளே விட்டுப் பாதியைத் திருப்பி அனுப்பும் ஓர் அரைக்கண்ணாடியால் இரண்டாகப் பிரிக்கிறாள்; இரண்டும் ஆளுக்கொரு கண்ணாடியில் பட்டுத் திரும்பி, ஒன்றுசேர்ந்து சுவரில் விழுகின்றன. விழுந்தால் பளிச்சென்று இருக்க வேண்டியதுதானே? இல்லை, வெளிச்சமும் இருட்டுமாக வரிவரியாகக் கோடுகள்!

"ரெண்டும் அலை மாமா. மேடும் மேடும் சேர்ந்தா வெளிச்சம், மேடும் பள்ளமும் சேர்ந்தா இருட்டு. சுவத்துல இடத்துக்கு இடம் அந்தச் சேர்க்கை மாறுது, அதான் கோடு."

"வெளிச்சத்தோட வெளிச்சம் சேர்ந்தா இருட்டாம்மா?"

"ஏன், நீங்களும் நல்லவங்க, அத்தையும் நல்லவங்க. சேர்ந்து உக்காந்தா சில நாள் வீடு எப்படி இருக்கு?"

போகட்டும். கண்ணாடி இம்மி நகர்ந்தாலும் கோடு ஓடிவிடுமாம். ஒரு வாரமாக அவை நடுங்கிக்கொண்டே இருந்தன. மின்விசிறியை நிறுத்தினாள், வெந்து போனோம். துணி துவைக்கும் இயந்திரத்தை நிறுத்தினாள், அழுக்குத் துணி மலையாய்க் குவிந்தது. என் மகன் பூனை மாதிரி நடந்தான். நடுக்கம் நிற்கவில்லை. நான் பாவம், பக்கத்து அறையில் உட்கார்ந்து கவலைப்பட்டுக்கொண்டிருந்தேன். நேற்று கதவைத் திறந்து எட்டிப்பார்த்தாள்.

"மாமா! எவ்வளவு நேரமா காலாட்டிட்டு இருக்கீங்க?"

"நீ படுற பாட்டைப் பார்த்துத்தாம்மா!"

அவள் பாடுபட நான் ஆட்ட, நான் ஆட்ட அவள் பாடுபட, இப்படியே ஒரு வாரம் போயிருக்கிறது! காலை நிறுத்தினேன், கோடுகளும் நின்றன. அவள் சிரித்ததைப் பார்த்து மனசு குளிர்ந்துவிட்டது. ஆனால் நாளை அதிகாரிகளைக் கண்டால் எனக்குப் பதற்றம் வரும்; வந்தால் கால் என் பேச்சைக் கேட்காது. ஆகவே என்னைத் தாங்கள்தான் ஏற்றுக்கொள்ள வேண்டும்.

சம்பந்தியம்மாளுக்கு வணக்கம், சின்னவர்களுக்கு ஆசிகள்.

இப்படிக்கு,
தங்கள் மகளின் மாமனார்

பி.கு.: நான் வரவில்லை. முதல் பேருந்தைத் தவறவிட்டு, அடுத்ததற்குக் கிளம்புவதற்குள் அதிகாரிகள் வந்துவிட்டார்கள். கோடுகள் அசையாமல் நின்றன. அதிகாரிகளில் ஒருவர், "இது நிஜமா, இல்ல ஏதாவது படத்தைக் காட்டுறீங்களா?" என்று கேட்டுவிட்டார். மருமகள் என் பக்கம் திரும்பினாள். "மாமா, பக்கத்து ரூம்ல போய்க் கொஞ்சம் காலாட்டுங்க." ஆட்டினேன் சம்பந்தி, மனதார ஆட்டினேன். கோடுகள் கூத்தாடினவாம், வேலை கிடைத்துவிட்டது. இந்த வீட்டில் என்னைக் காலாட்டச் சொல்லி ஒருவர் கேட்டது இதுதான் முதல் தடவை.