முதல் வரிசை வைவா அக்கா

பி.எச்டி. என்ற சொல்லைக் கேட்டு நடுங்காத மனிதப் பிறவி ஒன்று இந்தப் பூமியில் உண்டென்றால் அது எங்கள் வைவா அக்கா மட்டும்தான். பல்கலைக்கழக ஆராய்ச்சிப் பிரிவின் குமாஸ்தா முறைத்தால் பேராசிரியர்களே பக்கவாட்டில் ஒதுங்கிப் போவார்கள். அக்கா முறைத்தால் அந்தக் குமாஸ்தா எழுந்து டீ குடிக்கப் போய்விடுவார்.

காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் ஒரு பல்கலைக்கழகத்தில் நான் வேதியியல் ஆய்வு மாணவியாகச் சேர்ந்தபோதே அக்கா அங்கே பழைய ஆள். அவர் எப்போது சேர்ந்தார் என்று யாருக்கும் தெரியாது. பல்கலைக்கழகம் வந்தபோதே கூட வந்துவிட்டார் என்றுதான் பேச்சு. பொருளாதாரத் துறை. உத்திரமேரூருக்குச் சற்று முன்னால் உள்ள சிற்றூர். அம்மா நாற்று நடும் கூலி வேலை செய்பவர். நடவு இயந்திரம் வந்த பிறகு அந்தப் பெண்களின் பிழைப்பு என்ன ஆனது என்பதுதான் அக்காவின் ஆய்வு. எல்லாத் துறைக்கும் பொதுவான ஆய்வு மாணவர் அறையில், ஒழுங்காகச் சுற்றும் ஒரே மின்விசிறிக்குக் கீழே அவர் உட்கார்ந்திருப்பார்.

அந்தப் பட்டப்பெயர் வந்த கதை எளிது. முனைவர் பட்டத்தின் கடைசிப் படியான வைவாவை, அதாவது வாய்மொழித் தேர்வை, பொதுமக்கள் யார் வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம், கேள்வியும் கேட்கலாம். விதியில் அப்படி எழுதியிருக்கிறது. அதை எழுதியவர்களே நம்பவில்லை. அக்கா நம்பினார். எந்தத் துறையின் வைவா என்றாலும் முதல் வரிசையில் போய் உட்கார்ந்துவிடுவார். எல்லாரும் "வாழ்த்துகள்" என்று வாயெடுக்கும் நேரம் பார்த்துக் கை தூக்குவார்.

"இந்த ஆராய்ச்சி ஆரம்பிக்கச் சொல்ல நீங்க தப்பா நெனச்சிக்கினு இருந்தது இன்னா?"

ஆரம்பிக்கும்போது தப்பாக நினைத்திருந்தது என்ன என்ற இதே கேள்விதான், இயற்பியலுக்கும் ஆங்கில இலக்கியத்துக்கும். பார்த்தால் சாதுவான கேள்வி. ஆனால் ஐந்து வருடம் தான் நினைத்ததெல்லாம் சரி என்று நிரூபிப்பதற்காகவே உழைத்தவனிடம் போய் இதைக் கேட்டால் என்ன ஆகும்? பொருளாதாரத் துறையிலேயே ஒருவர் மேடையில் நின்றபடி அழுதுவிட்டார்.

பல்கலைக்கழகம் எங்களிடம் கேட்டவை ஒரு பக்கம். கோர்ஸ் ஒர்க் தேர்வு, ஆறு மாதத்துக்கொரு முறை டாக்டோரல் கமிட்டி முன்னால் நின்று இதுவரை என்ன கிழித்தோம் என்று சொல்வது, ஆய்விதழில் கட்டுரை, திருட்டு எழுத்தா என்று கணினி பார்க்கும் சோதனை, அப்புறம் ஆய்வுச் சுருக்கம். இதற்கெல்லாம் மேலே அக்காவின் நிபந்தனைகள் தனி. மதியம் சாப்பிடாதவர் ஆராய்ச்சியைப் பற்றிப் பேசக் கூடாது. அழுகை வந்தால் சைக்கிள் ஸ்டாண்டுக்குப் பின்னால் போய் அழ வேண்டும். அறையில் அழுதால் மற்றவர்களுக்கும் தொற்றிக்கொள்ளும். முக்கியமாக, தன் ஆய்வு என்னவென்று அக்காவின் ஊர்ப் பெண்களிடம் போய்ச் சொல்லிவிட்டு வராமல் யாரும் கமிட்டி முன் நிற்கக் கூடாது.

அந்த மூன்றாவது நிபந்தனையில் நான் மாட்டிக்கொண்டேன். பட்டுக்குச் சாயம் போட்ட கழிவுநீரிலிருந்து, வேர்க்கடலைத் தோலைக் கரியாக்கி, அதை வைத்துச் சாயத்தைப் பிரிப்பது என் ஆய்வு. அக்கா என்னை நேராக ஏரிக்கால்வாய்க்கு அழைத்துப் போனார். நூறு நாள் வேலைக்கு வந்த பெண்கள் வேப்ப மரத்தடியில் சோற்று டப்பாவைத் திறந்துகொண்டிருந்தார்கள்.

"இந்தப் பொண்ணு டாக்டர் பட்டத்துக்குப் படிக்குது. இன்னா படிக்குதுன்னு சொல்லும், கேளுங்க."

ஒரு பெண் உடனே புடவையை முழங்கால் வரை ஏற்றிக்கொண்டு முன்னால் நகர்ந்து வந்தாள். "இங்கதாம்மா, மாடி ஏறச் சொல்ல வலி உயிர் போவுது."

"அந்த டாக்டர் இல்ல இது," என்றார் அக்காவின் அம்மா.

"அப்ப எந்த டாக்டர்?"

"பேசற டாக்டர்."

நான் பேசினேன். மேற்பரப்புக் கவர்ச்சி என்று ஆரம்பித்ததும் ஒருவர் மரத்தில் சாய்ந்து குறட்டை விட்டார். அக்கா என் விலாவில் இடித்தார். "வூட்ல பேசற மாரி பேசு." கரி சாயத்தைப் பிடித்து வைத்துக்கொள்கிறது, தண்ணீர் தெளிகிறது என்றேன். அதற்கு மேல் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை என்பது அப்போதுதான் எனக்கே தெரிந்தது. குறட்டை விட்டவர் கண்ணைத் திறந்து, "இம்மாந்தானா? இதுக்கா இத்தினி வருஷம்?" என்று கேட்டுவிட்டு மறுபடி தூங்கிப் போனார். அடுத்த வாரம் கமிட்டி முன்னால் நான் தடுமாறவே இல்லை. அந்த மரத்தடிக்குப் பிறகு மூன்று பேராசிரியர்கள் எம்மாத்திரம்?

ஆங்கிலத் துறை பரத்தின் கதை இன்னும் மோசம். அவன் ஆய்வேட்டைக் கணினிச் சோதனைக்கு அனுப்பினால் சிவப்புச் சிவப்பாகத் திரும்பி வந்தது. நன்றியுரையில் "என்னைப் பெற்று வளர்த்த அன்புத் தாய்க்கு" என்ற வரிகூடச் சிவப்பு. பரத் சைக்கிள் ஸ்டாண்டுக்குப் பின்னால் போய்விட்டான். அக்கா அங்கேயே போய் அவனைப் பிடித்தார்.

"இன்னாத்துக்கு அழுவுற? உங்கம்மா உனக்கு இன்னா பண்ணாங்க, அத்த எழுது. அது எவன் புக்குலயும் இருக்காது."

பரத் திருத்தினான். அவன் ஆங்கிலம் பேசிப் பழக வேண்டும் என்பதற்காக, தனக்கு ஒரு வார்த்தை புரியாவிட்டாலும் தினமும் அவனோடு உட்கார்ந்து ஆங்கிலச் செய்தி பார்த்த அம்மாவைப் பற்றி எழுதினான். சிவப்பு போயிற்று. அந்த வேகத்தில் மற்ற அத்தியாயங்களையும் சொந்த வார்த்தையில் எழுதி முடித்தான்.

ஆனால் அக்காவின் சாதனைகளில் தலையாயது சலூன் சம்பவம். அவருடைய வழிகாட்டிப் பேராசிரியருக்குத் தெரிந்த ஒரே தமிழ்ச் சொல் "பார்க்கலாம்". அத்தியாயம் படித்தீர்களா என்றால் பார்க்கலாம். கையெழுத்து என்றால் பார்க்கலாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே உள்ள சலூனில் கழுத்தில் வெள்ளைத் துணியோடு உட்கார்ந்திருந்ததை அக்கா பார்த்துவிட்டார். என்னையும் இழுத்துக்கொண்டு உள்ளே நுழைந்தார். காத்திருந்த ஆண்கள் பேப்பரால் முகத்தை மூடிக்கொண்டார்கள். அக்கா பையிலிருந்து மூன்றாம் அத்தியாயத்தை எடுத்து, சத்தமாகப் படிக்க ஆரம்பித்தார்.

"ஏம்மா, இது..." என்று பேராசிரியர் வாயைத் திறந்தார்.

"சார், ஆடாதீங்க. கத்தி கீது," என்றார் சலூன்காரர்.

அவரால் தலையாட்ட முடியவில்லை, எழுந்திருக்க முடியவில்லை, "பார்க்கலாம்" என்று சொல்லத் தாடை அசைக்கக்கூட முடியவில்லை. ஷேவிங் முடிந்து, படிகாரம் தடவி முடிவதற்குள் அத்தியாயமும் முடிந்தது. கண்ணாடியில் முகத்தைப் பார்த்துக்கொண்டே பேராசிரியர் சொன்னார்: "நல்லாத்தான் எழுதியிருக்க. இத ஏன் முன்னாடியே காட்டல?"

இப்படிப்பட்ட அக்கா ஒரு நாள் அறைக்கு வரவில்லை. மறுநாளும் வரவில்லை. மின்விசிறிக்குக் கீழே காற்று சும்மா சுற்றிக்கொண்டிருந்தது. விசாரித்தபோது விஷயம் தெரிந்தது. அந்தப் பேராசிரியர் ஓய்வு பெற்றுவிட்டார். விதிப்படி அக்கா வேறு வழிகாட்டியிடம் மாற வேண்டும். பட்டத்துக்கான கெடு நெருங்கிவிட்ட ஆளை ஏற்க யாரும் முன்வரவில்லை. இன்னும் கொஞ்ச நாளில் பதிவு ரத்தாகிவிடும்.

நானும் பரத்தும் அவர் வீட்டுக்குப் போனோம். அக்கா பட்டப்பகலில் டி.வி. சீரியல் பார்த்துக்கொண்டிருந்தார். அதுவே எனக்குப் பயமாக இருந்தது.

"நானு வுட்டுட்டேன்," என்றார், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "ஒரே பேஜாரா கீது. போதும்."

"யார்கிட்டயாவது கேட்டீங்களாக்கா?" என்றேன்.

அக்கா டி.வி. சத்தத்தைக் கூட்டினார்.

"எங்க எல்லாரையும் கேளு, வாயத் தொறந்து கேளுன்னு வெரட்டுவீங்களே!" என்றான் பரத்.

அக்கா டி.வி.யை அணைத்தார். "உங்களுக்குன்னா வருது. எனக்குன்னு கேக்கச் சொல்ல வாய் வர மாட்டேங்குது, இன்னா பண்றது?" என்றார். ஐந்து துறைகளை நடுங்க வைத்த அந்தக் குரல் அன்று அவ்வளவு சின்னதாக இருந்தது.

மறுநாளே நாங்கள் இருவரும் பொருளாதாரத் துறையின் இன்னொரு பேராசிரியை முன் போய் நின்றோம். மேடம் கண்டிப்பானவர். அவரிடம் ஓர் ஆய்வு மாணவருக்கான இடம் காலியாக இருந்தது. பெயரைச் சொன்னதும் அவருக்குப் பிடிபடவில்லை. வைவா அக்கா என்றதும் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"என் ஸ்டூடன்ட்டை மேடையிலயே அழ வெச்ச பொண்ணா?"

பரத் வாசல் பக்கம் பார்த்தான். எனக்கு எங்கிருந்து தைரியம் வந்ததோ தெரியவில்லை. "அவர் அழுது முடிச்சதும் சொன்ன பதில்தான் மேடம், அன்னைக்கு அவர் சொன்னதுலயே நல்ல பதில்," என்றேன்.

மேடம் கண்ணாடியை எடுத்து மறுபடி மாட்டிக்கொண்டார். "அது நெஜம்தான்," என்றார். "சரி, எடுத்துக்கறேன். ஒரே ஒரு கண்டிஷன். என் ஸ்டூடன்ட்ஸ் வைவாவுக்கு மட்டும் அவங்க வரக் கூடாது."

ஓடிப்போய் அக்காவிடம் சொன்னோம். அவருக்குக் கண் கலங்கியது. முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அந்தக் கண்டிஷன் முடியாதுன்னு சொல்லிடு," என்றார்.

மேடம் அதைக் கேட்டு முதலில் முறைத்தார், பிறகு சிரித்தார், கடைசியில் சம்மதக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டார். அதற்கப்புறம் அந்த இருவரும் கெடுவுக்குள் ஆய்வேட்டை முடிக்க ஒருவரையொருவர் விரட்டிய விரட்டில் துறையே வேகமாக நடக்கப் பழகிக்கொண்டது.

அக்காவின் வைவா நாளில் அரங்கம் கொள்ளவில்லை. அவரிடம் மாட்டி முழித்தவர்கள் அத்தனை பேரும் பழி வாங்க வந்திருந்தார்கள். ஊர்ப் பெண்கள் ஒரு லோடு ஆட்டோவில் வந்து இறங்கினார்கள். அக்கா கஞ்சி போட்ட புடவையில் நின்று, பிசிறில்லாமல் பேசினார். வெளியூர்த் தேர்வாளர் சாந்தமான மனிதர். மெதுவாகத்தான் கேட்டார்.

"இது உங்க சொந்த ஊர். உங்க அம்மாவும் இதே வேலைதான் செய்றாங்க. நீங்க ஒரு பக்கமா சாயலன்னு நாங்க எப்படி நம்பறது?"

அக்கா வாயைத் திறந்தார். சத்தம் வரவில்லை. கூட்டத்தில் அம்மாவைப் பார்த்தார். தண்ணீர் குடித்தார். பழி வாங்க வந்தவர்களே நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார்கள்.

"சார்," என்றார் அக்கா, "ஒரு நிமிஷம் பயந்துக்கிறேன். அப்பால சொல்றேன்."

அரங்கம் சிரித்தது. தேர்வாளரும் சிரித்து, "தாராளமா," என்றார். அக்கா நிஜமாகவே கண்ணை மூடி நின்று பயந்தார். பிறகு நிமிர்ந்தார்.

"எங்கம்மாவோட பேட்டிய ஆய்வுல சேக்கல சார். மொதல்ல எடுத்தேன். மத்தவங்க சொன்ன கூலியவிட அவங்க அதிகமா சொன்னாங்க. போய் விசாரிச்சா அது பொய். கொறஞ்ச கூலின்னு தெரிஞ்சா நானு படிப்ப வுட்டுட்டு வேலைக்குப் போய்டுவேன்னு பொய் சொல்லிகிறாங்க. பாசத்துல சொன்ன பொய்னாலும் அது தகவல் இல்ல சார். எடுத்துட்டேன்."

"ஏண்டி, இத்தப் போய் சபையில சொல்லுவியா?" என்று பின்னாலிருந்து அம்மாவின் குரல் கேட்டது. தேர்வாளர் எழுந்து கை தட்டினார். அவரைப் பார்த்து எல்லாரும் எழுந்தார்கள்.

ஊர்ப் பெண்கள் ஆட்டோவில் முன்னால் போய்விட்டார்கள். கையெழுத்து, போட்டோ, மேடத்தின் காபி எல்லாம் முடிந்து சாயங்காலம் நானும் அக்காவும் உத்திரமேரூர் பஸ் ஏறினோம். ஏறிய சற்று நேரத்திலேயே பேச்சை நிறுத்திவிட்டார். திரும்பிப் பார்த்தால் என் தோளில் சாய்ந்து, வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தார். அவர் தூங்கி நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

அவர் ஊர் நிறுத்தம் வந்தது. கண்டக்டர் எங்கள் பக்கம் பார்த்து, "எறங்கலியா?" என்றார்.

நான் வேண்டாம் என்று கையைக் காட்டினேன். அவர் தூங்கட்டும், உத்திரமேரூர் வரை போய், அடுத்த பஸ்ஸில் நானே திரும்பக் கொண்டுவந்து விட்டால் போயிற்று.