தலையாட்டி முடித்த சம்பந்தம்

மஞ்சக்குப்பம், கடலூர்
12.9.2010

சிங்கப்பூரில் சீரும் சிறப்புமாக இருக்கும் மச்சான் இளவரசு அவர்களுக்கு, மாமா தேவநாதன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உங்கள் அக்கா கொளஞ்சியம்மாளும் நலம். அப்படி எழுதுவது முறை என்பதால் எழுதினேன். உங்கள் அக்கா என்னோடு பேசி நாலு நாள் ஆகிறது.

காரணம், நீங்கள் ஆசையாக அனுப்பிய அந்த உசத்தியான இயர்போன். சர்க்கரைக்கு டாக்டர் நடக்கச் சொன்னாரே என்று அதை மாட்டிக்கொண்டு தேவனாம்பட்டினம் கடற்கரைக்குப் போனேன். வெளிச்சத்தம் துளியும் உள்ளே வராது என்றீர்கள். உண்மைதான். வலை இழுத்தவர்கள் கத்தியதும் வரவில்லை. கயிறு தடுக்கி மீன்மேலேயே விழுந்தேன். செல்லாயி என்கிற மீன்காரம்மா ஒயரைப் பிடுங்கி, “யோவ், காத அடைச்சிக்கினு இங்க எதுக்குய்யா வர்ற?” என்றார்.

அதோடு விட்டேனா? மறுநாள் சிதம்பரத்துக்கு ஆபீஸ் போகும் பஸ்ஸிலும் மாட்டினேன். விலை ஜாஸ்தியான பொருள், யார் கண்ணிலும் படவேண்டாமென்று மேலே மப்ளர் சுற்றியிருந்தேன். உள்ளே தவில் கச்சேரி. தவில் கேட்டால் என் தலை என் சொல்பேச்சுக் கேட்காது, உங்களுக்கே தெரியும். பக்கத்து சீட்டுக்காரர் ஏதோ வாயசைத்தார், நான் சிரித்தேன், அவரும் சிரித்தார், சிதம்பரம் வரைக்கும் அவர் வாயசைக்க நான் தலையசைக்க ஒரே ஆனந்தம். இறங்கும்போது என் கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

அடுத்த நாள் சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் தட்டு நிறைய பூவும் பழமும். நம் தமிழினிக்குத் தரகர் ஜாதகம் கொண்டுவந்தாரே, குமராட்சி காத்தவராயன் மகன் சிவசங்கர், அந்தப் பையனின் அம்மா வந்து வைத்துவிட்டுப் போனாராம். பஸ்ஸில் வந்தவர்தான் காத்தவராயன்! என்னை போட்டோவில் பார்த்திருக்கிறார். தை மாதம் கல்யாணம், தமிழினி பி.எட். படிப்பைப் பாதியில் விடுவது, எல்லாவற்றுக்கும் நான் தலையாட்டியிருக்கிறேன்.

தமிழினி அழவில்லை. “எனக்காக ஒரு தடவ வாயத் தொறந்து பேசுங்கப்பா” என்றாள். அதுதான் என்னைச் சுட்டது.

மினிபஸ் பிடித்துக் குமராட்சி போய், இயர்போனை எடுத்து முன்னால் வைத்து, ஒரு வார்த்தைகூட என் காதில் விழவில்லை என்று ஒப்புக்கொண்டேன்.

காத்தவராயன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “அப்ப, எங்கம்மா செத்தத சொன்னப்போ ‘பலே பலே’ன்னீங்களே?”

“அது தவிலுக்குங்க.”

எழுந்து உள்ளே போய்விட்டார்.

சம்பந்தம் முறிந்தது. உங்கள் அக்கா போனில் சொல்லி, தைக்கு டிக்கெட் போட்டிருந்தால் ரத்து செய்துவிடுங்கள். இயர்போனை, ஊருக்கு வரும் உங்கள் சிநேகிதரிடமே திருப்பிக் கொடுத்தனுப்புகிறேன். கோபித்துக்கொள்ள வேண்டாம். தில்லை நடராஜர் கிருபையில் நீங்கள் சகல சௌபாக்கியத்தோடும் கூர்மையான செவியோடும் நீடூழி வாழ்க.

இப்படிக்கு,
தேவநாதன்

பி.கு.: கவரை ஒட்டுவதற்குள் சிவசங்கர் தம்பி தனியாக வந்து மன்னிப்புக் கேட்டது. “எங்கப்பா பேசுனா வீட்ல நாங்களே கேக்கறதில்ல மாமா. தமிழினி பி.எட். படிச்சி முடிக்கட்டும், நான் காத்துக்கினு இருக்கேன்” என்றது. தமிழினி யோசித்துவிட்டு, தானே வாயைத் திறந்து சரி என்றாள். கல்யாணம் வைகாசியில், டிக்கெட்டை அதற்கு மாற்றிப் போடுங்கள். சம்பந்திக்கும் கோபம் தீர்ந்துவிட்டது. விட்ட பேச்சையெல்லாம் முதலிலிருந்து சொல்ல, திங்கள்கிழமை முதல் தினமும் என் பஸ்ஸிலேயே வருகிறாராம். ஆகவே இயர்போனைத் திருப்பி அனுப்புவதாக இல்லை.